பழைய ஆடியோ பேட்டன்ட் நோட்டீஸ்: பிரையர் ஆர்ட் எங்கே தேடுவது?

கடைசிபெஞ்ச் (செப்டம்பர் 2018):
நியூஜெர்சியில் இருக்கேன். நானும் வீட்டம்மாவும் ஆடியோ பாடங்கள் விக்கிற சின்ன சைட் நடத்துறோம். போன வாரம் ஒரு கம்பெனியோட நோட்டீஸ். சர்வர்ல ஒரு ஃபைல், அதுக்குள்ள ஆடியோ துண்டுகளோட முகவரிகள் வரிசையா, பிளேயர் படிச்சு ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததை ஓட்டும். இது அவங்க பேட்டன்ட்டாம், லைசென்ஸ் வாங்கணுமாம். விண்ணப்பிச்சது 1999 செப்டம்பர். 97-லயே காலேஜ் லேப்ல ரியல் ஆடியோவில் (இணையத்துல ஆடியோ ஓட்டுற அந்தக் கால மென்பொருள்) நான் இதைச் செஞ்சிருக்கேன்! இது ஏற்கனவே இருந்ததுன்னு காட்டி பேட்டன்ட்டை உடைக்கிற முந்தைய ஆவணம் (அதான் பிரையர் ஆர்ட்) ரெண்டு ராத்திரி தேடியாச்சு, வர்றதெல்லாம் 2005-க்கு அப்புறம். என்ன பண்ணலாம்?

ஆர்வக்கோளாறு:
1999 பேட்டன்ட்டா? அடுத்த வருஷம் காலாவதி. விட்டுத் தள்ளுங்க சார்.

பழையமோடம்:
தம்பி, அப்படித் தள்ள முடியாது. காலாவதி ஆனாலும், வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய ஆறு வருஷத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம். கடைசிபெஞ்ச் சார், முதல்ல ஒண்ணு: உங்க சைட் எப்படி வேலை செய்யுதுன்னு இங்கே எழுதாதீங்க.

தலைப்பையும் சுருக்கத்தையும் மூடி வச்சுட்டு, தனித்து நிக்கிற க்ளெய்மை (எது தங்களுக்குச் சொந்தம்னு அவங்க உரிமை கோருற வாசகம்) மட்டும் எடுத்து, ஒவ்வொரு அம்சத்தையும் ஒரு வரியா உடைங்க. பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு, அந்த வரிக்குப் பொருந்துற பழைய ஆவணத்தைக் குறிங்க. தேட வேண்டியது 1998 செப்டம்பருக்கு முன்னாடி வெளியானது. அந்தக் காலச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா அவங்களால தப்பிக்க முடியாது.

அந்தக் காலத்து வார்த்தையில தேடுங்க. 96-ல 'பாட்காஸ்ட்'னு யாரும் சொல்லல. ஆனா பாட்காஸ்ட் பேட்டன்ட்னு பேசப்பட்ட 8,112,504-ம் எண் பேட்டன்ட்டுக்கு எதிரா எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்ங்கற இணைய உரிமை அமைப்பு 2013-ல பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போன கேஸ்ல உதவினது எது தெரியுமா? சிஎன்என் நியூஸ்ரூமை இணையத்துல துண்டு துண்டா தர்றது பற்றி 1995 ஆகஸ்ட் தேதியிட்ட ஒரு எம்.ஐ.டி ஆய்வேடு. கூடவே கனடாவின் சிபிசி வானொலி நிகழ்ச்சிகளை இணையத்துல போட்ட சோதனை பற்றிய கட்டுரை. 2015 ஏப்ரல்ல அந்த க்ளெய்ம்கள் செல்லாதுன்னாங்க, 2017-ல மேல்முறையீட்டிலும் அதுவே நின்னுச்சு.

கடைசிபெஞ்ச்:
அப்போ என் லேப் வேலை?

பழையமோடம்:
ஞாபகம் சாட்சி ஆகாது சார். பேட்டன்ட் அலுவலகத்து மறுஆய்வு மனுவில் பழைய பேட்டன்ட்டும் அச்சு வெளியீடும் மட்டும்தான் செல்லும். இந்த வருஷ (2018) கட்டணமே 30,500 டாலர், வக்கீல் தனி. ஆனா 'அச்சு'ங்கறது தாராளமான சொல். ஜெர்மனியில ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்துல அட்டவணை போட்டு வச்ச ஒரே ஒரு ஆய்வேட்டுப் பிரதியை 1986-லயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துல அச்சு வெளியீடா ஏத்துக்கிட்டாங்க. தேதியும், தேடினா கிடைக்கிற இடத்துல இருந்துச்சுங்கறதும் நிரூபணமாகணும். பழைய இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல கிடைச்ச பக்கம்னா, அதை நடத்துற இன்டர்நெட் ஆர்க்கைவ்கிட்ட பிரமாணப் பத்திரம் வாங்கலாம்.

கடைசிபெஞ்ச் (நாலு நாள் கழிச்சு):
கிடைச்சுது! இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட ஸ்மில் 1.0 பரிந்துரை (ஆடியோ, வீடியோவை வரிசைப்படுத்தி ஓட்டுற குறிமொழி), 1998 ஜூன் 15. அதுல 'seq'னு (சீக்) ஒரு டேக். உள்ளே வரிசையா ஃபைல் முகவரிகள், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. க்ளெய்மோட அஞ்சு வரியில நாலு அப்படியே பொருந்துது. அஞ்சாவதுதான் உதைக்குது: துண்டு முடிஞ்சதும் பிளேயர் சர்வருக்குத் தகவல் அனுப்பணுமாம்.

பழையமோடம்:
ஜூன் 98, தேதி தாங்கும். அஞ்சாவதுக்கு இன்னொரு ஆவணம் வேணும். ரெண்டையும் சேர்த்தா அந்தத் துறைக்காரனுக்கு இது சாதாரணமாத் தோணியிருக்கும்னு வக்கீல் வாதாடுவார். ஏன் சேர்க்கணும்னு காரணமும் சொல்லணும், அங்கதான் பலபேர் சறுக்குவாங்க. ரியல் ஆடியோவை அனுப்புற அந்தக் கால ரியல் சர்வர் கையேடு பாருங்க, லாக் (பிளேயர் எதை ஓட்டுச்சுன்னு சர்வர் வைக்கிற பதிவு) பற்றி அத்தியாயம் இருக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
யார்கிட்டயாவது 98-க்கு முந்தைய கையேடு, பத்திரிகையோட வந்த சிடி இருக்கா? தேதி அச்சான அட்டையோட?

ஆர்வக்கோளாறு:
அவசரப்பட்டு பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்க. அப்பாவோட சிடி பெட்டி பரண்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை ஏறிப் பாக்குறேன்.