பால்வாடியிலிருந்து ஒண்ணாப்பு: பார்த்ததைச் சொல்லுங்க

கடைமடை:
திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பிள்ளை. அ முதல் ஃ வரை தடுக்காமச் சொல்லும். சேர்ந்த ரெண்டாம் நாளே வரமாட்டேன்னு திண்ணைத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. டீச்சர் அடிச்சாங்களோன்னு தெருவெல்லாம் பேச்சு. அதில்லை. கக்கூஸ் கதவுக் கொண்டி எட்டலை, கால்சட்டை ஊக்கும் கழற்ற வரலை, நின்ன இடத்துலேயே நனைஞ்சுட்டுது. பெரிய பிள்ளைங்க சிரிச்சிருக்காங்க.

வெண்ணாத்தங்கரை:
ரெண்டடி உயரத்துல இன்னொரு கொண்டி அடிச்சா முடிஞ்சுது. பள்ளி மேலாண்மைக் குழுவுல சொன்னா ஊர்த் தச்சர் வந்து அடிச்சுடுவார். அரை லிட்டர் மக்கு வைங்க. பெரிசு நிறைஞ்சா அஞ்சு வயசுக் கை தூக்காது. கால்சட்டைக்கு எலாஸ்டிக். ஏப்ரல்ல, லீவு விடறதுக்குள்ள, பால்வாடிப் பிள்ளைங்களைக் கூட்டிப் போய் அந்தக் கதவைத் திறந்து மூடப் பழக்கணும்.

குறுவை:
அக்கா, கொண்டி மட்டுமா காரணம்? ஜூன் 12 மேட்டூர் திறந்தா நாத்தங்கால், நடவுன்னு அம்மாக்கள் விடியுமுன்னே வயலுக்கு. பள்ளி திறக்கிறதும் அதே மாசம். சின்னதைக் கிளப்பி விடுறது மூணாப்பு படிக்கிற அக்கா. 1 முதல் 5 வகுப்பு வரை காலை உணவு உண்டு, நேரத்தோட வந்து சேர்ந்தாத்தானே? நடவுக்குப் போகாத பாட்டி ஒருத்தர் தெருவுக்கு நாலஞ்சு பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போகட்டும். மகளிர் குழு பொறுப்பெடுத்து மே 1 கிராம சபையிலேயே பேர் எழுதிடணும். ஜூன்ல ஆள் தேடினா எல்லாரும் சேத்துல நிப்பாங்க.

களிமண்:
யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்றேன். எழுத்து வரலைன்னு சிலேட்டைத் திணிக்காதீங்க, முதல்ல விரலுக்கு வலு வேணும். குளத்துக் களிமண் போதும். மருந்தடிச்ச வயல் மண்ணு வேண்டாம். வேர், நத்தை ஓடு பொறுக்கிட்டு ராத்திரி ஊறவிடுங்க. வெறுமனே பிசைஞ்சா நம்ம மண்ணு கையில ஒட்டும், காஞ்சா வெடிக்கும். நாலு பங்குக்கு ஒரு பங்கு சலிச்ச ஆத்து மணல் சேருங்க. மிச்சத்தை ஈரச் சாக்குல மூடணும். முதல்ல உருண்டை, பிறகு பாம்பு, அந்தப் பாம்பை மடக்கி 'ட', 'ப'. சுழிக்கிற 'அ' கடைசியில. முழு சாக்பீஸ் கொடுத்தா உள்ளங்கையில இறுக்கிப் பிடிக்கும். நகம் அளவு துண்டு கொடுங்க, தானா மூணு விரலுக்கு வரும்.

வெண்ணாத்தங்கரை:
மண்ணு இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறாத பிள்ளைங்க நிறைய. ஒரு வருஷம் தாண்டினாலும் தாமதக் கட்டணத்தோட 15 வயசு வரை சேர்க்கலாம். வயசுச் சான்று இல்லைன்னு சேர்க்கையை மறுக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. அந்தப் பட்டியலையும் ஏப்ரல்லயே எடுங்க.