பாரிசிலிருந்து ஒரு நாட்பயணம்: புரொவான் நகரில் எதைப் பார்ப்பது?

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் முப்பது ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வருகிற யூன் மாதம் நானும் மனைவியும் பாரிசில் இருக்கும் மகளிடம் செல்கிறோம். ஈபிள் கோபுரத்தையும் லூவரையும் மகள் காட்டுவாள். வயல்வெளிகளுக்கு நடுவே பழைய மதிலோடு நிற்கும் ஒரு சிறு நகரத்தை ஆறுதலாக நடந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புரொவான் நல்ல இடம் என்று ஒருவர் சொன்னார். அங்கே எதைப் பார்க்க வேண்டும்? மனைவிக்கு முழங்கால் நோ இருப்பதால் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில் 1 (பாரிசிலிருந்து)

வணக்கம் ஐயா. பாரிஸ் கிழக்கு நிலையத்தில் புரொவான் செல்லும் 'பி' (P) வழித்தட ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் அதன் கடைசி நிலையமான புரொவானில் இறங்கலாம். மகளிடம் எல்லா வலயங்களுக்குமான நவிகோ பயண அட்டை இருந்தால் அதுவே போதும். நிலையம் கீழ்நகரில் இருக்கிறது. மதிலும் கோபுரமும் மேட்டின் மேல் உள்ள மேல்நகரில். ஏற்றம் உண்டு, ஆகவே அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்.

எல்லோரும் முதலில் மதிலில் ஏறிப் படம் பிடிப்பார்கள். நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர் என்பதால் சொல்கிறேன்: இந்த நகரத்தை வளர்த்தது சந்தை. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியான சம்பாஞ்சை ஆண்ட பிரபுக்களின் ஆட்சியில் நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு பெருஞ்சந்தைகள் கூடின. அவற்றில் இரண்டு புரொவானில். வடக்கே, இன்றைய பெல்ஜியப் பக்கமான பிளாண்டர்சிலிருந்து கம்பளித் துணி வந்தது. தெற்கே இத்தாலிய வணிகர்கள் அலெக்சாந்திரியாவில் வாங்கிய மிளகை அல்ப்ஸ் மலை தாண்டிக் கொண்டு வந்தார்கள். அது நமக்கு அண்டைக் கரையான மலபாரில் காய்த்த மிளகு என்பதை அங்கே நின்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. வழியில் வணிகருக்குத் தீங்கு நேராதபடி பிரபுக்கள் பாதுகாப்புக் கொடுத்தார்கள். புரொவானில் அடித்த வெள்ளிக் காசுக்கு இருந்த மதிப்பினால் உரோமாபுரியிலேயே அதைப் பார்த்துக் காசு அடித்தார்கள். யுனெஸ்கோ 2001இல் இந்த ஊரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் இந்தச் சந்தைகளுக்காகவே.

ஆகவே 'தசமபாகக் களஞ்சியம்' என்னும் 13ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். தேவாலயத்துக்குச் செலுத்திய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சேமித்ததால் அந்தப் பெயர் பின்னாளில் வந்தது. முதலில் அது வணிகர்கள் வாடகைக்கு எடுத்த மூடுசந்தை. கீழே வளைகூரையும் தூண்களும் கொண்ட நிலவறை இருக்கிறது. சீசர் கோபுரத்தின் படிகள் ஒடுக்கமும் செங்குத்துமானவை. அம்மா கீழேயே இருக்கட்டும்.

பதில் 2 (லியோனிலிருந்து)

யூன் மாதம் என்றால் நல்ல காலம். புரொவான் ரோசா ஆண்டுக்கு ஒருமுறை, அந்த நாட்களில்தான் பூக்கும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய சம்பாஞ் பிரபு நான்காம் திபோ அதைக் கொண்டு வந்தார் என்று கடைக்காரர் சொல்வதை ஐதீகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விற்கும் ரோசா இதழ்ப் பாகைப் பாணில் பூசிச் சாப்பிட்டுப் பாருங்கள். தொண்டையில் இறங்கிய பின்னும் மணம் நிற்கும்.

நிலத்தடிச் சுரங்கங்களுக்கு வழிகாட்டியுடன் மட்டுமே செல்லலாம். உள்ளே குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். கம்பளித் துணியின் கொழுப்பை அகற்றும் மண்ணை அங்கே அகழ்ந்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் அருகிலுள்ள சான்-லூ-து-நோ கிராமத் தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு வாயிற் சிற்பங்களையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சவர்க்காரம் பரவுவதற்கு முன் நம் ஊரில் உவர்மண்ணால் துணி வெளுத்தார்களே, சுரங்கத்தில் அகழ்ந்த இந்த மண்ணும் அது போன்றதா?

பதில் 2 (லியோனிலிருந்து)

பயன் ஒன்று, செயல் வேறு ஐயா. உவர்மண்ணில் உள்ள காரம் அழுக்கைக் கரைக்கிறது. இது களிமண், ஆட்டு மயிரின் கொழுப்பைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. சுரங்கச் சுவரில் பழைய காலத்தவர் கீறிய குறிகளும் இருக்கின்றன. வழிகாட்டி பெரும்பாலும் பிரெஞ்சில் பேசுவார், மகளையும் கூட்டிச் செல்லுங்கள்.