1994 பேட்ச்: இந்த முகங்களுக்குப் பெயர் தெரியுமா?

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் 1994-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், அப்போதைய ஜூனியர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். விடைபெறும் நாளில் எடுத்த குழுப் படத்துக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே விடுதியில் கிடந்தோம். பட்டப்பெயர் எல்லாம் நினைவிருக்கிறது, 'முதலை' உட்பட (அணைப் பக்கம் முதலைப் பண்ணை இருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்!). நிஜப் பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் என்.டி.ஏ.வுக்குப் போனவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். மற்றவர்கள்தான் சிக்கல்.

பத்தாம் வகுப்போடு கிளம்பியவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய ஆட்டோகிராஃப் நோட்டு, ரோல் நம்பர் எழுதிய டிரங்குப் பெட்டி எதுவானாலும் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், யாருடைய போன் நம்பரையும் இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.