ஒன்ராறியோவில் கார் விபத்துக்குப் பின்: காயத்துக்கான காப்புறுதிப் பணத்தை எடுப்பது எப்படி? (அனுபவப் பகிர்வு)

காப்புறுதித் தரகர், மார்க்கம்

யாருடைய பிழை என்று முடிவாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அந்தக் காத்திருப்பே தேவையில்லை. ஒன்ராறியோவில் காயத்துக்கான சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான பணமும் உங்கள் சொந்தக் கார்க் காப்புறுதியிலிருந்தே வரும். பின்னால் வந்து இடித்தவரிடம் முழுப் பிழையும் இருந்தாலும் அப்படித்தான், பிழை உங்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான். இதைத்தான் விபத்துப் பலன்கள் என்கிறோம். ஆனால் வேலைக்குப் போகாத நாட்களுக்கான பணம் 2026 ஜூலை 1 முதல் கேட்டு வாங்க வேண்டிய பலன்; அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்மேல் வழக்குப் போடுவது வேறு கதை.

விபத்து நடந்து 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் படிவக் கட்டை அனுப்புவார்கள். அது கைக்கு வந்து 30 நாளுக்குள் ஓ.சி.எஃப்-1 என்ற விண்ணப்பம் திரும்பிப் போக வேண்டும். நாள் தப்பிவிட்டால் கைவிடாதீர்கள்; ஆஸ்பத்திரியில் இருந்தது போன்ற நியாயமான காரணத்தை எழுத்தில் கொடுத்தால் ஏற்க இடம் உண்டு. ஆனால் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், சான்றும் வேண்டும்.

இன்னொன்று. காரைத் திருத்தும் விஷயத்தைப் பார்க்கும் அட்ஜஸ்டர் (நிறுவனத்துக்காகக் கோரிக்கையைக் கவனிக்கும் அலுவலர்) ஒருவர், காயத்தைப் பார்க்கும் அட்ஜஸ்டர் வேறொருவர். முதல் நாள் கார் பற்றிக் கதைக்கும்போது "உங்களுக்கு ஏதும் காயமா?" என்று கேட்பார்கள். "இல்லை, ஒன்றுமில்லை" என்று மரியாதைக்குச் சொல்வது நம்மவர் வழக்கம். அது அப்படியே கோப்பில் பதிவாகும். கழுத்தும் முதுகும் அடுத்த நாள் காலையில்தான் இறுகத் தொடங்கும். "இன்னும் டொக்டரைப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் உண்மையும் பாதுகாப்பும்.

ஃபிசியோ கிளினிக்கில் படிவங்கள் பார்ப்பவர், ஸ்காபரோ

அண்ணை சொன்னதற்குப் பிறகுள்ள கட்டம் எங்களிடம்தான் வரும். இங்கே எல்லாரும் முட்டிக்கொள்ளும் எண் 3,500 டொலர்.

சுளுக்கு, தசைப்பிடிப்பு, கன்றல், சிராய்ப்பு, வெட்டு, கழுத்து வெடுக்கென்று ஆடிப்போனதால் வந்த வலி, இவையெல்லாம் சட்டத்தில் "சிறு காயம்". அந்த வகைக்குள் போட்டுவிட்டால் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து மொத்தமே 3,500 டொலர்தான். வாரத்துக்கு 3 தரம் வந்தால் சில மாதத்துக்குள் தீர்ந்துவிடும். சிறு காயத்துக்கு ஓ.சி.எஃப்-23 என்ற படிவம் போகும். அதற்கு வெளியே உள்ள காயத்துக்கு ஓ.சி.எஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டம் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் பேரழிவுக் காயம் (கை கால் முடக்கம், கடும் மூளைக் காயம் போன்ற மிகப் பெரிய பாதிப்பு) அல்லாதவர்களுக்கு வரம்பு 65,000 டொலர். பெரியவர்களுக்கு அது 5 வருடத்துக்குரியது. சிகிச்சையும் வீட்டில் பராமரிக்கும் ஆளின் செலவும் அதற்குள்ளேயே அடங்கும். பேரழிவுக் காயம் என்று ஏற்றுக்கொண்டால் 10 லட்சம்.

சிறு காய வகையிலிருந்து வெளியே வர வழிகள் உண்டு. எலும்பு முறிவு, மூளை அதிர்ச்சி, விபத்தினால் வந்த மனநலப் பாதிப்பு ஆகியவை சிறு காயமே அல்ல. மற்ற வழி, விபத்துக்கு முன்பே இருந்த நோய். இதில்தான் பிழை விடுகிறார்கள். "முந்தியும் முதுகு வலி இருந்தது" என்று இப்போது சொல்வது போதாது. விபத்துக்கு முன்னரே மருத்துவர் அதைப் பதிந்திருக்க வேண்டும். அந்த நோய் இருப்பதால் 3,500 டொலர் சிகிச்சையோடு முழுமையாகத் தேற முடியாது என்பதையும் அந்தப் பதிவுகளைக் கொண்டு காட்ட வேண்டும். முந்திய நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதங்கள் திரும்பி வருவதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறோம். குடும்ப மருத்துவரிடம் பழைய குறிப்புகளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

தலையிடி, வெளிச்சம் கூசுவது, நித்திரை இல்லாதது, காரில் ஏறப் பயம் ஆகியவற்றைக் கழுத்து வலியோடு சேர்த்து முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அம்மா அப்பா தலைமுறை "மனசு சரியில்லை" என்பதை மருத்துவரிடம் சொல்லவே மாட்டார்கள். அதைச் சொல்லாததால்தான் பலருடைய கோப்பு சிறு காயத்திலேயே நின்றுவிடுகிறது.

ஓ.சி.எஃப்-18 போய்ச் சேர்ந்ததும் நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் மருத்துவக் காரணமும் மற்றக் காரணங்களும் எழுத்தில் வேண்டும். அந்த 10 நாளில் அறிவித்தல் வராவிட்டால், 11ஆவது வேலை நாளிலிருந்து முறையான அறிவித்தல் வரும்வரை அந்தத் திட்டத்தின்படி பெற்ற சிகிச்சைக்கு அவர்கள் பணம் கட்ட வேண்டும், சிறு காயம் என்ற வாதத்தையும் எடுக்க முடியாது. ஆகவே திட்டம் அனுப்பிய தேதியைக் கிளினிக்கில் கேட்டுக் குறித்துவையுங்கள்.

வேலையிட மருத்துவத் திட்டம் இருப்பவர்களுக்கு: 2026 ஜூலை 1க்கு முந்திய ஒழுங்கில் முதலில் அந்தத் திட்டம்தான் கட்ட வேண்டும், மிச்சம்தான் கார்க் காப்புறுதிக்கு. வேலையிடத் திட்டம் எவ்வளவு கட்டியது என்ற தாள் வராமல் பில் நகராது. அந்தத் தாளை வீட்டு மேசையில் வைத்துவிட்டுக் கிளினிக்கோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு.

கணக்காளர், ஸ்காபரோ

சம்பளப் பக்கத்தை நான் எழுதுகிறேன். வருமான இழப்புக் கொடுப்பனவு, மொத்த வாரச் சம்பளத்தின் 70 வீதம். 2026 ஜூலை 1க்கு முந்திய ஒழுங்கில், மேலதிகக் காப்புறுதி வாங்காதவருக்கு உச்சம் வாரம் 400 டொலர்; அதன் பிறகு இந்தக் கொடுப்பனவே கேட்டு வாங்க வேண்டியது. கீழுள்ள கணக்குகள் 400 உச்சத்தை வைத்தவை. முதல் ஒரு வாரத்துக்கு எதுவும் இல்லை.

வருடம் 26,000 டொலர் உழைத்தவருக்கு வாரம் 500 வருகிறது. அதன் 70 வீதம் 350 டொலர். வருடம் 41,600 உழைத்தவருக்கு வாரம் 800, 70 வீதம் 560, ஆனால் கைக்கு வருவது 400தான்.

வேலை செய்பவர் விபத்துக்கு முந்திய 4 வாரத்தை அல்லது 52 வாரத்தைத் தெரிவுசெய்யலாம். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய. மேலே சொன்ன 26,000 டொலர்க்காரர் கடைசி 4 வாரத்தில் ஓவர்டைம் செய்து 2,200 எடுத்திருந்தால் வாரச் சராசரி 550, கொடுப்பனவு 385. வாரத்துக்கு 35 டொலர் வித்தியாசம். முதலாளி நிரப்பும் ஓ.சி.எஃப்-2 படிவத்தில் இரண்டு காலமும் சரியாக இருக்கிறதா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு 4 வாரக் கணக்கு இல்லை. அவருக்குக் கணக்கறிக்கை தேவைப்பட்டால், அதைத் தயாரிக்கும் செலவில் 2,500 டொலர் வரை நிறுவனமே கட்ட வேண்டும்.

வருமான வரியில் காட்ட வேண்டியும் காட்டாமல் விட்ட உழைப்பு இந்தக் கணக்கில் சேராது. சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. கையில் காசாக வாரம் 600 வாங்கி, ரி4 சீட்டில் (வரிக்காக முதலாளி தரும் வருடச் சம்பளச் சீட்டு) 200 மட்டும் காட்டியவருக்கு 200இன் 70 வீதம், அதாவது 140 டொலர்தான். காயத்தோடு வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இதை விளக்குவது மிகவும் கஷ்டமான வேலை, அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பகுதி நேரமாக வேலைக்குத் திரும்பினால் அந்தச் சம்பளத்தின் 70 வீதத்தைக் கழிப்பார்கள். 400 வாங்குபவர் வாரம் 300 உழைத்தால் 210 கழிந்து 190 வரும். இரண்டும் சேர்ந்து 490. வேலைக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் போன நாளே அறிவியுங்கள்.

வேலையில் இல்லாதவருக்கு, வழமையான வாழ்க்கையை முற்றாக நடத்த முடியாத நிலை இருந்தால் வாரம் 185 டொலர். முதல் 4 வாரம் இல்லை, விபத்திலிருந்து 104 வாரத்தோடு முடியும். 2026 ஜூலை 1 முதல் இதுவும் கேட்டு வாங்க வேண்டிய பலன்.

பரலீகல் (உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்), ரொறன்ரோ

மறுப்புக் கடிதம் வந்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். அதற்கு முந்திய நிலையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிளினிக் நல்லதாக இருக்கலாம், தெரிந்தவர் நடத்துவதாக இருக்கலாம். நிரப்பாத ஓ.சி.எஃப்-18இல் போட்ட கையெழுத்து, நீங்கள் பெறாத சிகிச்சைக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். உங்கள் 3,500 அல்லது 65,000 டொலரிலிருந்துதான் அது கழியும்.

நிறுவனம் தன் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அழைக்கும். கடிதத்தில் காரணம், மருத்துவரின் துறை, தேதி, இடம் இருக்க வேண்டும். காரணமில்லாமல் போகாவிட்டால் அந்தப் பலனை நிறுத்தலாம், மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் அடைபடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்; பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்க்க வைத்தால் விடை பிள்ளையின் வாயால் சுருங்கிவிடும். வலியைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். 15 நிமிடம் நிற்கலாம், பிறகு இருக்க வேண்டும், 10 கிலோ அரிசிப் பையைத் தூக்க முடியாது என்று அளவோடு சொல்லுங்கள். குடும்ப மருத்துவர், ஃபிசியோ, நிறுவன மருத்துவர் மூவரின் குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப்படும்.

104 வாரத்தில் அளவுகோல் மாறும். அதுவரை "உங்கள் வேலையின் முக்கியப் பணிகளைச் செய்ய முடியுமா" என்பது கேள்வி. அதன் பிறகு, உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருத்தமான எந்த வேலையையும் செய்ய முற்றாக முடியாதிருக்க வேண்டும். பாரம் தூக்கும் வேலை செய்தவரைப் பார்த்து, இருந்து செய்யும் வேலை செய்யலாமே என்பார்கள். இங்கிலிஷ் அறிவு, படிப்புச் சான்று, முந்திய வேலைகள் பற்றிய விபரங்களை 104ஆவது வாரம் வருமுன்னே திரட்டுங்கள்.

மறுத்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் உரிமம் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனி 2 வருடம். அட்ஜஸ்டரோடு மின்னஞ்சலில் கதைத்துக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது.

கேள்வி: இலங்கையிலிருந்து வந்து நிற்கும் அம்மா, வேறொருவர் காரில் போகும்போது காயப்பட்டால் யார் கட்டுவது?

காப்புறுதித் தரகர், மார்க்கம்

தங்கச்சி, ஒழுங்கு இதுதான். அம்மாவுக்குச் சொந்தக் கார்க் காப்புறுதி இல்லை, ஆனால் பணத்துக்கோ பராமரிப்புக்கோ முதன்மையாக உங்களில் தங்கியிருக்கிறார் என்றால் உங்கள் காப்புறுதி. தங்கியிருப்பவர் இல்லையென்றால் அவர் இருந்த காரின் காப்புறுதி. பயணி மருத்துவக் காப்புறுதி எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் அறிவியுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 2026 ஜூலை 1 முதல் சிகிச்சை, புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகிய மூன்றும்தான் கட்டாயம். வருமான இழப்பு, வேலையில் இல்லாதவருக்கான 185 டொலர், மரணக் கொடுப்பனவு எல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை. கேட்டு வாங்கும் பலன் காப்புறுதியில் பெயர் உள்ளவருக்கும், அவர் துணைக்கும், அவரில் தங்கியிருப்போருக்கும், பெயர் குறித்த ஓட்டுநருக்கும்தான் போகும். வேலைக்குப் போகும் மகன் உங்கள் காரை ஓட்டுகிறான், ஆனால் அவன் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இல்லை, உங்களில் தங்கியும் இல்லை என்றால், அவன் சம்பளத்துக்கு அந்தக் காப்புறுதியில் பணம் இருக்காது. புதுப்பிக்கும் கடிதம் வரும்போது பிரீமியத் தொகையை மட்டும் பார்க்காமல், பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று தரகரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.