அண்ணனுக்க தேன் சைட்டும் 1,340 கெட்ட லிங்கும்

குரூப்: அருமனை வீடு

அண்ணன், காலை 6:48
எல்லாரும் எந்திரிச்சாச்சா, ஒரு காரியம் கேக்கணும். நம்ம தேன் சைட்டுக்கு 1,340 டாக்ஸிக் லிங்க் இருக்காம், ஏதோ வெளிநாட்டு சூதாட்ட சைட்டெல்லாம் நமக்கு லிங்க் போட்டு வச்சிருக்காம், அத களையலண்ணா கூகுள் நம்மள மொத்தமா தூக்கிரும்ணு ஒரு கம்பெனிக்காரன் நேத்து ராத்திரி போன் பண்ணி சொன்னான். ரிப்போர்ட்டும் அனுப்பிருக்கான், முழுக்க செவப்பு. களைஞ்சு தாறதுக்கு 18,000 ரூவா. இண்ணு சாயங்காலத்துக்குள்ள பாதி போட்டா ஒடனே தொடங்குவானாம்

அக்கா, 6:55
18,000 ஆ??

மைனி, 6:57
ராத்திரி முழுக்க ஒறங்கல இவரு. ஏப்ரல் கழிஞ்சதுல இருந்து சைட்டு வழியா ஆர்டர் கொறஞ்சது நெசந்தான். வாட்ஸ்அப்புல வழக்கமா வாங்குறவங்க வாங்குறாங்க, புதுசா ஆள காணல

அத்தான், 7:03
கெட்டதுண்ணா களைஞ்சிர வேண்டியதுதானே. பைசா போனா போவுது, சைட்டு போச்சுண்ணா பின்ன என்ன செய்ய? துபாய்ல நம்ம கடைக்காரருக்கும் இப்படி ஒரு காரியம் வந்துச்சுண்ணு கேட்ட ஓர்ம

நான், 7:10
அண்ணே பைசா போடாதீங்க. நான் திருவனந்தபுரம் பஸ்ல இருக்கேன், ஆபீஸ் போனதும் பாத்துட்டு சொல்லுதேன். அவன் அனுப்புன ஃபைல மட்டும் இங்க போடுங்க

அண்ணன், 7:11
சாயங்காலத்துக்குள்ளண்ணு சொன்னானே

நான், 7:13
அதாக்கும் எனக்கு பிடிக்காத்தது. கெட்ட லிங்க்ல ஒரு நாள்ல சாவுற காரியம் ஒண்ணும் இல்ல

சித்தப்பா, 7:20
நான் தேனீக்கூட்டுக்கு சீனிப்பாகு வைக்க போறேன். மழ விட்டிருக்கு. வந்து படிக்கேன் மக்களே

நான், 10:42
பாத்தேன். சைட்டு வச்சிருக்கவங்க பாக்க கூகுள் தாற சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்‌ஷன்ஸ்ணு ஒரு பக்கம் இருக்கு, கூகுள்ல ஆளுங்களே பாத்து தண்டனை போட்டா அங்கதான் எழுதி வரும், மெயிலும் வரும். நமக்கு பச்ச டிக். ஒண்ணும் இல்ல. அந்த கம்பெனிக்காரனுக்கு நம்ம சர்ச் கன்சோலுக்குள்ள பாக்க வழியும் இல்ல, வேற ஏதோ டூல்ல போட்டு எடுத்த லிஸ்ட் இது, அந்த "டாக்ஸிக் ஸ்கோர்" அந்த டூல்காரங்க சொந்தமா போடுற மார்க்கு, கூகுள் போடுறது இல்ல

அக்கா, 10:50
மக்கா எனக்கு மனசிலாவுற மாதிரி சொல்லு. எவனோ அவனுக்க சைட்டுல நமக்கு லிங்க் போட்டா நாம எப்படி அத களைய முடியும்? அது அவனுக்க சைட்டுல்லா?

நான், 10:58
அதேதான். களைய முடியாது. போட்டவன்கிட்ட "எடுத்துருங்க"ண்ணு கேக்கலாம், அவ்வளவுதான். இவன் களையுறேன்ணு சொல்லுறது டிஸ்அவோ. ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல அந்த சைட்டுகளுக்க பேர வரிக்கு ஒண்ணா எழுதி கூகுளுக்கு ஏத்தணும், "இந்த லிங்க எனக்க கணக்குல சேக்காதீங்க"ண்ணு. லிங்க் அங்கேயே கெடக்கும், நம்ம லிஸ்ட்லயும் காட்டிக்கிட்டேதான் இருக்கும். கூகுள் எண்ணாம விடும், அதுக்கும் சில வாரம் ஆவும். இதுக்கு கூகுளுக்கு பைசாவும் குடுக்க வேண்டாம்

அத்தான், 11:04
அப்பம் ஃப்ரீ தானே தம்பி, 1,340யும் தூக்கி போட்டுரு. இருந்தா கெடுதல், போனா நல்லது

நான், 11:15
அத்தான் அங்கதான் ஆபத்து. அந்த லிஸ்ட்ல நல்ல லிங்கும் இருந்தா அதுவும் சேர்ந்து போவும். ஒரு நல்ல சைட்டு நம்மள பத்தி எழுதுனா அது நமக்கு ஒரு சிபாரிசு மாதிரி, அத நாமளே வேண்டாம்ணு எழுதி குடுத்த கணக்கா ஆயிரும். கூகுளே இந்த டூல மெயின் மெனுவுல வைக்கல, தனி பக்கத்துல வச்சு மேல எச்சரிக்கையும் போட்டிருக்கு, தப்பா செஞ்சா ஒங்க சைட்டு பாதிக்கும், பெரும்பாலான சைட்டுக்கு இது வேண்டாம்ணு

அக்கா, 11:18
அப்பம் அந்த சூதாட்ட சைட்டு நம்மள கெடுக்காதா? பேடியா இருக்கு கேட்டியா

நான், 11:31
ஒரு காலத்துல கெடுத்துது அக்கா, அதனாலதான் இந்த பேடி இன்னும் நிக்குது. 2012 ஏப்ரல்ல கூகுள் தேடல்ல பென்குயின்ணு ஒரு அப்டேட் வந்துச்சு, பைசா குடுத்து லிங்க் வாங்கி மேல வந்த சைட்டெல்லாம் தலகுப்புற விழுந்துது. அந்த வருசம் அக்டோபர்லதான் டிஸ்அவோவே விட்டாங்க, பழைய தப்ப திருத்த ஒரு வழி வேணும்லா. 2016 செப்டம்பர்ல பென்குயின் 4 வந்தப்பம் ரீதிய மாத்தியாச்சு, கெட்ட லிங்குக்காக சைட்டயே தள்ளுறத விட அந்த லிங்குக்கு மதிப்பு குடுக்காம விட்டுரும். எவனோ எங்கயோ கெடந்து நமக்கு லிங்க் போட்டா நாம என்ன செய்வோம், அது அவங்களுக்கும் தெரியும். பிங்ணு கூகுள் மாதிரி இன்னொரு தேடல் சைட்டு இருக்குல்லா, அவங்க 2023ல டிஸ்அவோ வசதியவே எடுத்துட்டாங்க

அண்ணன், 11:36
அப்பம் ஒண்ணும் செய்யாண்டாமா?

நான், 11:38
முடிவு பண்ணுறதுக்கு முன்ன லிஸ்ட முழுசா கண்ணால பாக்கணும். கொச்சு, இண்ணு காலேஜ் லீவுதானே? கூட இருந்து பாக்கியா

கொச்சு, 11:40
பாக்கேன் குட்டிச் சித்தப்பா. 1,340யுமா?

நான், 11:41
வரி 1,340, சைட்டு அவ்வளவு இல்ல. ஒரே சைட்டு நூறு பக்கத்துல போட்டிருக்கும். சைட்டு பேர வச்சு பிரிச்சா எண்ணம் கொறையும்

கொச்சு, மதியம் 1:26
மொத்தம் 211 சைட்டு. பாதிக்கு மேல சூதாட்டம், போட்டோவ திருடி வைக்கிற சைட்டு, ஒண்ணுமே மனசிலாவாத பாஷை. ஆனா இத பாருங்க, 37வது வரி. கொச்சில இருந்து சமையல் எழுதுற ஒரு சேச்சி, ரப்பர் தேன பத்தி முழு பக்கம் எழுதி நம்ம பேரையும் போட்டிருக்காங்க. அதையும் டாக்ஸிக்குண்ணு செவப்புல போட்டிருக்கான். தேனீ வளர்ப்பு பயிற்சி பத்தி ஒரு காலேஜ் பக்கம், அதுவும் செவப்பு. சின்ன தாத்தாவுக்க கூட்டு போட்டோ போட்ட இயற்கை விவசாயம் பக்கமும் இருக்கு

மைனி, 1:30
அந்த கொச்சி சேச்சி எழுதுனப்பம் ஒரே வாரத்துல 40 பாட்டில் போச்சு, எனக்கு நல்ல ஓர்ம இருக்கு, பேக்கிங்குக்கு அட்ட கெடைக்காம நான் களியக்காவிளை வர போனேன். அதையா களைய சொல்லுறான்?

அண்ணன், 1:33
சத்தியமா நான் அத பாக்கல. செவப்ப பாத்ததும் பயந்து போச்சு

நான், 1:50
ஆரா இருந்தாலும் பயப்படுவாங்க அண்ணே. இன்னொரு காரியம், மறைக்காம சொல்லணும். 60 சைட்டு போல ஒரே மாதிரி இருக்கு, எல்லாத்துலயும் "சுத்தமான தேன் விலை குறைவு"ண்ணு ஒரே வார்த்தையில லிங்க், எல்லாம் 2019ல ஒரே மாசத்துல போட்டது. அது தானா வந்த மாதிரி எனக்கு தோணல

(10 நிமிசம் ஆரும் ஒண்ணும் எழுதல)

மைனி, 2:01
சொல்லுங்க, ஒளிச்சு வைக்க என்ன இருக்கு

அண்ணன், 2:04
நான் வாங்குனதுதான். 2019ல ஒருத்தன் 6,000 ரூவாய்க்கு 500 லிங்க் போட்டு தாறேன், முதல் பக்கத்துல வரும்ணு சொன்னான். அந்த வருசம் தேன் நல்லா எடுத்து விக்காம டின் டின்னா கெடந்துது, கடன் வேற. ஆருகிட்டயும் சொல்லல

அக்கா, 2:06
அதுக்கு ஏன் அண்ணா எங்ககிட்ட சொல்லாம இருந்தே. அந்த வருசத்துக்க கஷ்டம் எங்களுக்கும் தெரியும்லா

நான், 2:15
சொன்னது நல்லதாச்சு அண்ணே, இதுதான் முக்கியமான விவரம். எவனோ போட்ட குப்பைக்கும் நாம வாங்குன லிங்குக்கும் வித்தியாசம் இருக்கு. டிஸ்அவோ வேணும்ணு கூகுள் சொல்லுறது இந்த மாதிரி காரியத்துக்குத்தான், செயற்கையா போட்ட லிங்க் நெறய இருந்து, அதனால மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்கணும் இல்ல வர வாய்ப்பு இருக்கணும். அதுலயும் முதல்ல போட்டவங்ககிட்ட எடுக்க சொல்லி கேக்கணும், எடுக்காத்தத மட்டும் ஃபைல்ல போடணும். கொச்சு, அந்த 60ல எத்தன இப்பம் தொறக்குதுண்ணு பாரு

சித்தப்பா, 2:40
(வாய்ஸ் மெசேஜ், 2 நிமிசம் 11 நொடி)

அக்கா, 2:42
ஆபீஸ்ல கேக்க முடியாது, ஆராவது டைப் பண்ணுங்க

கொச்சு, 2:58
சின்ன தாத்தா சொன்னது அப்படியே போடுறேன்: "மக்களே, 91-92ல தாய் சாக்புரூட் நோய் வந்து நம்ம நாட்டு தேனீ கூடு கூடா அழிஞ்சுது, குஞ்சு பூரா பை மாதிரி வீங்கி சாவும். நான் அப்பம் பேடிச்சு, நோய் கண்ட கூட்டோட பக்கத்துல நல்லா இருந்த ஒம்பது கூட்டையும் சேத்து களைஞ்சேன். பின்ன பாத்தா, ஊருல திரும்ப தேனீ பெருகுனது அண்ணு தப்பிச்சு நிண்ண கூட்டுல இருந்தாக்கும். எனக்க கூட்டுல எத்தன தப்பிச்சிருக்கும்ணு நான் இண்ணும் நெனப்பேன். இப்பம் மழைக்காலம், மெழுகுப்பூச்சி வரும், பலமுள்ள கூடுண்ணா தேனீயே தூக்கி வெளிய போட்டுரும், நான் தெனமும் மூடிய தொறந்து பாக்க மாட்டேன். கூட்டுக்குள்ள அடை கெட்டுற சட்டத்துல நம்ம கையால கெடுத்தது எதுவோ அத மட்டும் எடு. நல்லதுல கை வைக்காத"

நான், 3:05
இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல சித்தப்பா

கொச்சு, 3:49
2019 சைட்டு 62. 48 தொறக்கவே இல்ல, செத்து போச்சு. 14 தான் உயிரோட இருக்கு. ஆனா வேற ஒரு காரியம், அந்த கொச்சி சேச்சிக்க பக்கத்துல நம்ம லிங்க அமுக்குனா "404 பக்கம் இல்லை"ண்ணு வருது. காலேஜ் பக்கத்துல அமுக்குனாலும் அதேதான்

மைனி, 3:51
என்னது

நான், 4:20
பாத்துட்டேன். இது எனக்க தப்பு. ஏப்ரல்ல நான் டிசைன் மாத்துனப்பம் ரப்பர் தேன் பக்கத்துக்க அட்ரஸ் மாறிச்சு, பழைய அட்ரஸ்ல இருந்து புதுசுக்கு தானா திருப்பி விடுற 301 ரீடைரக்ட் போடாம விட்டுட்டேன். சர்ச் கன்சோல்லயும் 404ண்ணு 23 பக்கம் நிக்குது. நம்மள நம்பி லிங்க் போட்ட எல்லாரும் அனுப்புன ஆளுக இந்த மூணு மாசமா அடச்ச கதவுல வந்து முட்டிட்டு திரும்பி போயிருக்காங்க. ஆர்டர் கொறஞ்சதும் அதே ஏப்ரல்லதான். மைனி, மன்னிச்சிருங்க, நீங்க மூணு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க, நான் சீசன் முடிஞ்சதாலண்ணு நெனச்சேன்

மைனி, 4:24
சீசன் முடிஞ்சா தேன் எடுக்கதுதான் நிக்கும், விக்கது நிக்காதுண்ணு நான் சொன்னேன்லா தம்பி. செரி விடு, எப்பம் செரியாவும்?

நான், 4:26
இண்ணு ராத்திரி. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதுக்கு நேரான புது பக்கத்துக்கு திருப்பணும், எல்லாத்தையும் முகப்புக்கு தள்ளக்கூடாது, ரப்பர் தேன் தேடி வாறவங்க ரப்பர் தேன் பக்கத்துலதான் எறங்கணும். கொறஞ்சது ஒரு வருசமாவது அத எடுக்காம வைக்கணும்

அத்தான், 4:40
அப்பம் நான் சொன்ன மாதிரி 1,340யும் போட்டிருந்தா அந்த சேச்சிக்க லிங்கும் போயிருக்கும், கதவு அடச்சது தெரியவும் செய்யாது. நல்ல வேள தம்பி

அண்ணன், 5:15
கம்பெனிக்காரன் விளிச்சான். வேண்டாம்ணு சொல்லிட்டேன். அடுத்த மாசம் சைட்டு காணாம போவும், அப்பம் விளிப்பியண்ணு சொன்னான். நான் ஒண்ணும் பேசல, போன வச்சிட்டேன்

நான், 5:18
நல்லது. இனி 14 பேருக்கும் நாம மெயில் போடுவோம், அண்ணன் பேர்லயே, பைசா குடுத்து போட்ட லிங்க், எடுத்து தாங்கண்ணு நேரா கேப்போம். பத்து நாள் பாப்போம். சூதாட்ட சைட்ட ஒண்ணுலயும் தொடாண்டாம்

மைனி, ராத்திரி 10:32
கொச்சி சேச்சிக்க பக்கத்துல இருந்து அமுக்கி பாத்தேன். தொறக்குது!! நேரா ரப்பர் தேன்

*

பத்து நாள் கழிச்சு

அண்ணன், காலை 8:05
14ல மூணு பேரு எடுத்துட்டாங்க. ஒருத்தன் எடுக்க 2,000 கேக்கான். மத்தவங்க பதில் இல்ல

நான், 8:12
ஒருத்தனுக்கும் குடுக்காண்டாம். 11ஐயும் ஃபைல்ல போடுதேன்

நான், 9:40
ஏத்தியாச்சு. முதல்ல டூல் நம்ம சைட்டையே காட்டல, நாம சர்ச் கன்சோல்ல டொமைன் ப்ராப்பர்ட்டியா, அதாவது வெறும் சைட்டு பேர மட்டும் குடுத்து சேத்திருந்தோம், டிஸ்அவோ அதுல வேல செய்யாது, முழு முகவரி குடுத்து தனியா ஒரு ப்ராப்பர்ட்டி சேத்த பிறவுதான் வந்துச்சு. 11 வரி, ஒவ்வொண்ணுலயும் சைட்டு பேருக்கு முன்ன டொமைன்ணு போட்டு முக்காப்புள்ளி, அப்பம் அந்த சைட்டு முழுசும் அடங்கும். மேல ஒரு வரியில 2019ல வாங்குனது, மெயில் போட்டும் எடுக்கலண்ணு நமக்கு ஓர்மைக்கு எழுதி வச்சிருக்கேன்

அக்கா, 9:44
இதனால இனி சைட்டு மேல வருமா மக்கா?

நான், 9:47
இதனாலண்ணு நான் சொல்ல மாட்டேன் அக்கா. இது பழைய தப்ப ஒதுக்கி வச்சது, அவ்வளவுதான். ஆள் திரும்ப வாறது அந்த 23 பக்கத்தையும் திருப்பி விட்டதாலதான்

மைனி, 9:52
இந்த வாரம் புதுசா ஆறு ஆர்டர். ரெண்டு கொச்சியில இருந்து

சித்தப்பா, 10:10
கொள்ளாம். கிழக்க உள்ள ரெண்டு கூட்டுல மெழுகுப்பூச்சி, ஒரு சட்டம் மட்டும் எடுத்தேன்

நான், 10:15
அண்ணே, அந்த ஃபைல உங்க போன்லயும் மெயில்லயும் வச்சிருங்க. இனி எப்பமாவது புதுசா ஏத்துனா பழசு மாறி புதுசுதான் நிக்கும், அதனால பழைய 11ஐயும் சேத்துத்தான் ஏத்தணும்

அண்ணன், 10:19
தேன் கணக்கு எழுதுற நோட்டுலயும் எழுதியாச்சு, 11 பேரும்