பாட்டியின் 9 கஜம் காஞ்சிப் பட்டு மடிப்பில் விடுகிறது: வெட்டலாமா?

மாம்பழக்கரை:
பாட்டி முகூர்த்தத்துக்குக் கட்டி, பிறகு அம்மா கட்டிய புடவை. அரக்கு உடல், மஞ்சள் கோர்வைக் கரை (உடலோடு கோத்து நெய்தது), அகலம் 48 அங்குலம். நட்டநடு மடிப்பில் நீளவாட்டில் இரண்டு கிழிசல். ஜரிகையும் கருத்திருக்கிறது. ஆறு வயதுப் பேத்திக்குப் பாவாடை தைக்க ஆசை, கத்தரி வைக்கவோ மனம் வரவில்லை. துணி தாங்குமா?

பாவும்ஊடையும்:
நீளவாட்டில் விட்டால் ஊடை இழை, அதாவது குறுக்கே ஓடும் நூல், அறுந்திருக்கிறது. குறுக்கே விட்டால் நீளவாட்டில் ஓடும் பாவு. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த புடவையில் இழை அந்தக் கோட்டில்தான் ஒடியும். புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெலிந்த இடங்களை நூல் ஓட்டிக் குறியுங்கள். அடுத்து, மடிப்பில்லாத ஓரிடத்தில் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நெரநெரவென்று பிரிந்தால் பட்டே உளுத்துவிட்டது; தைக்க வேண்டாம், சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள். தாங்கினால் தைரியமாக வெட்டலாம். கரையும் உடலும் சேரும் கோர்வையையும் பாருங்கள், பழசில் அங்கே பிரியும்.

பாடிபாவாடை:
நடு மடிப்பில் விட்டது ஒருவகையில் நல்லதே. 9 கஜம் சுமார் 8.2 மீட்டர். முந்திக்கு எதிர்முனையில் 2.5 மீட்டர் எடுத்தாலும் 5.7 மீட்டர் மிஞ்சும். 6 கஜப் புடவையாக அம்மாவே கட்டலாம், முந்தியும் போகாது. எடுத்த துண்டைக் கிழிந்த கோட்டிலேயே இரண்டாக வெட்டுங்கள். 24 அங்குலத்தில் ஒரு பாதி பாவாடை, கரை கீழே. மறுபாதி சட்டை, அதன் கரை கைக்கு. உயரம் பற்றாவிட்டால், கையில்லாத பருத்தி பாடி வைத்து அதில் பாவாடையைச் சேருங்கள். குறைகிற இரண்டு மூன்று அங்குலம் சட்டைக்குள் மறைந்துவிடும், பட்டின் பாரமும் இடுப்பில் இழுக்காமல் தோளுக்குப் போகும். பிள்ளை வளர்ந்தால் பாடியை மட்டும் மாற்றினால் போதும். டக் பிடிக்காதீர்கள்; அது இன்னொரு மடிப்பு, அங்கேயும் விடும்.

மாம்பழக்கரை:
மிஞ்சும் புடவையின் நடு மடிப்புக்குப் பின்னால் கேன்வாஸ் ஒட்டித் தருவதாக டெய்லர் சொல்கிறார். ஜரிகைக்குப் பாலிஷ்?

பாவும்ஊடையும்:
இரண்டும் வேண்டாம். ஒட்டுக் கேன்வாஸின் பசை பட்டை விறைக்க வைக்கும், அதன் ஓரத்தில் புதிதாகக் கிழியும். அதே நிறத்தில் மெல்லிய பட்டுத் துண்டை, கிழிசலைவிட இரண்டு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வைத்து, பட்டு நூலால் கையில் ஓடுதையல் போடுங்கள். புடவையை உருளையில் ஓட்டி மினுக்கும் ரோல் பாலிஷின் கஞ்சியும் மடிப்பை ஒடிக்கும்.

ஜரிகை ஓரத்தில் தொங்கும் ஒரு இழையை உரைகல்லில் மெல்லத் தேயுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி. அதன் கருப்பு வெறும் மேல்படிவு. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் போடாதீர்கள், மேலிருக்கும் தங்கப்பூச்சு போய்விடும். கருத்தபடி இருப்பதே அழகுதான்.

பாடிபாவாடை:
வைக்கும்போது கஞ்சி போடாத பழைய வேட்டியில் சுற்றுங்கள்; கஞ்சியைத் தின்ன பூச்சி வரும். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது, வசம்பை முடிந்து ஓரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றும்போது, இனி நடுவில் மடிக்காமல் மூன்றாக மடியுங்கள்.