நூர் போன லைசாண்டர் இதுதானா?

கருங்கழுகு:
இணையத்தில் சுற்றும் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். கறுப்பு லைசாண்டர் விமானம், வயிற்றுக்கு அடியில் பெரிய எரிபொருள் தொட்டி, இடப்பக்கம் ஏணி, உடம்பில் எம்ஏ-பி (MA-B) என்ற எழுத்துகள். கீழே ‘நூர் இனாயத் கான் போன விமானம்’ என்று எழுதியிருக்கிறது. திப்பு சுல்தான் வழிவந்தவர், பிரிட்டனுக்காக பாரிசில் ரகசியமாக வயர்லெஸ் இயக்கியவர், அதே நூர். எம்ஏ என்றால் பிரிட்டிஷ் விமானப்படையின் 161ஆம் ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவு. 1943 ஜூன் 16-17 இரவு அவரைப் பிரான்சில் இறக்கியதும் அந்த ஸ்குவாட்ரன்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

தாள்பூச்சி:
எனக்கு நிறையவே இருக்கிறது. ஏணியும் தொட்டியும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இது உளவாளிகளை ஏற்றிச் செல்ல மாற்றியமைத்த வகை. சாதாரண லைசாண்டரால் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது, அதற்காகத்தான் 150 காலன் தொட்டி. பின்னால் இருந்த துப்பாக்கியைக் கழற்றிவிட்டு அங்கே ஆட்களை உட்காரவைத்தார்கள். எதிரி நாட்டு வயலில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது என்பதால் ஏணியை நிரந்தரமாகவே பொருத்தினார்கள். இப்படி மாற்றியவை பல. அன்றிரவு ஆஞ்சே நகருக்குப் பக்கத்தில் இறங்கியதே இரண்டு லைசாண்டர்கள். நூர் எதில் இருந்தார், அதுதான் இது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கருங்கழுகு:
கடைசி எழுத்தை வைத்து. ஒரு ஸ்குவாட்ரனில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனி எழுத்து. பைலட்டின் லாக்புக்கில், அதாவது பறப்புக் குறிப்பேட்டில், ‘பி’ இருந்தால் விஷயம் முடிந்தது.

தாள்பூச்சி:
முடியாது. ஒரு விமானம் விழுந்தால் அதன் எழுத்தை அடுத்து வருவதற்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஸ்குவாட்ரனில் இழப்புக்குக் குறைவில்லை. 1943 டிசம்பரில் ஒரே இரவு, கடும் மூடுபனி, திரும்பி வந்த இரண்டு லைசாண்டர்கள் இங்கிலாந்திலேயே விழுந்தன, இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். மாறாதது வரிசை எண் மட்டும்தான். வாலுக்குச் சற்று முன்னால் சிறியதாக இருக்கும். அதைப் படித்து, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஸ்குவாட்ரன் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடம் இருட்டு.

வளர்பிறை:
இரண்டு பேருமே பெயின்ட்டை விட்டுவிட்டீர்கள். முதலில் முழுக் கறுப்புதான் அடித்தார்கள். ஆனால் நிலவு வெளிச்சத்தில், கீழே வெண்மேகம் இருந்தால், மேலிருந்து பார்க்கும் ஜெர்மன் போர் விமானத்துக்குக் கறுப்பு பளிச்சென்று தெரியும். இவர்கள் பறந்ததோ பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில். லைசாண்டர் பிரிவை நடத்திய ஹியூ வெரிட்டி அதை யோசித்து, மேற்பக்கத்துக்குக் கரும்பச்சையும் வெளிர் சாம்பலும் அடிக்க வைத்தார். அடிப்பக்கம் கறுப்பாகவே இருந்தது. இந்தப் படத்தில் முதுகும் கறுப்பு.

கருங்கழுகு:
அந்தக் காலத்துப் பிலிமில் கரும்பச்சையும் கறுப்பும் ஒன்றுபோலத்தான் விழும்.

வளர்பிறை:
பச்சை மறையலாம், வெளிர் சாம்பல் எங்கே போகும்?

தாள்பூச்சி:
அப்புறம் இன்னொன்று. எம்ஏ-பி என்று முழுக் கறுப்பில் ஒரு லைசாண்டர் இன்றைக்கும் இங்கிலாந்தில் இருக்கிறது, ஷட்டில்வொர்த் என்ற பழைய விமானத் தொகுப்பில். பறக்கும் நிலையில், ஏணி, தொட்டி எல்லாவற்றோடும். வி9367 என்ற எண் போட்டிருப்பார்கள். ஆனால் அது கனடாவில் கட்டிய விமானம். போரில் பறந்த வேறொன்றின் எண்ணை நினைவுக்காக எழுதியிருக்கிறார்கள், வேறு வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டிய மாதிரி. அதைக் கண்காட்சியில் படம் எடுத்து கறுப்பு-வெள்ளையாக்க ஒரு நொடி போதாதா?

கருங்கழுகு:
போரின்போதும் ஒரு ‘பி’ இருந்ததே! அது இல்லை என்று நீங்கள் காட்டும்வரை நான் படத்தை நீக்கப்போவதில்லை.

தாள்பூச்சி:
நூரின் பெயரை எழுதியவர்தான் காட்ட வேண்டும், நான் இல்லை. 1945க்கு முன்னால் எடுத்த படம் என்பதற்கு ஏதாவது ஒன்று போடுங்கள். பின்பக்க முத்திரை, பழைய பிரசுரம், எதுவானாலும் சரி. அப்புறம் எந்த ‘பி’ என்று பேசலாம்.

வளர்பிறை:
சக்கர மூடி தெளிவாகத் தெரியும் பெரிய அளவுப் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் போடுங்கள். சேறு படிந்து உழைத்த விமானமா, மெருகேற்றி நிறுத்தியதா என்று பார்த்துவிடலாம்.